நிலாவில் கால் புதையுமா?

நேற்று அப்பல்லோ 12 படங்களைப் புரட்டிக்கிட்டு இருந்தப்ப ஒண்ணுல நின்னுட்டேன். மண்ணில் ஒரு தட்டு அமுங்கிய தடம். அதன் அடியிலிருந்த கட்டம் கட்டமான வரிகூட அப்படியே பதிஞ்சிருக்கு. 1967 ஏப்ரலில் சர்வேயர் 3 வைத்த கால் அது. பாறைகளால் ரேடார் குழம்பி, என்ஜின் அணையாம, கலம் ரெண்டு தடவை எம்பி எம்பி விழுந்தது. அந்தத் தடத்தைத்தான் 31 மாதம் கழித்து கான்ராடும் பீனும் நேரில் பார்த்தார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். நிலாப் பள்ளங்களில் தூசி பல மீட்டர் ஆழம் இருக்கலாம்னு 1955ல் தாமஸ் கோல்ட் எழுதியிருந்தார். அது உண்மையா இருந்தா, இறங்குற கலம் மாவில் போட்ட கரண்டி மாதிரி உள்ளே போயிடும். ஆளோடு! அதனாலதான் மனிதரை அனுப்பும் முன் சர்வேயர் கலங்களை இறக்கி, கால்களில் விசையை அளக்கும் உணரிகளையும் வைத்தார்கள். 1966 ஜூனில் சர்வேயர் 1 இறங்கியது. பாதம் சில சென்டிமீட்டர்தான் அமுங்கியது.

காரணம் மண்ணோட அமைப்பு. அங்கே காற்றும் தண்ணியும் இல்லாததால் துகள்கள் உருண்டு மழுங்கவில்லை. கூர்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மேலே லேசான பொலபொலப்பு, கொஞ்சம் கீழே போனாலே இறுக்கம். பாதம் அமுங்க அமுங்க எதிர்ப்பு கூடிக்கிட்டே போகும்.

மண் அவ்வளவாக விட்டுக்கொடுக்காது என்றால், மோதலை வேறு ஏதாவது வாங்கணும். அப்பல்லோ கால்களுக்குள் அலுமினியத் தேன்கூடு இருந்தது. ஒருமுறை நசுங்கும், திரும்ப நிமிராது. சுருள்வில்லாக இருந்தால் கலத்தையே திருப்பி எம்ப வைத்துவிடும். பாதமோ சுமார் 94 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு, விளிம்பு மேல்நோக்கி வளைந்தது. பக்கவாட்டில் நகர்ந்தபடி இறங்கினாலும் மண்ணைக் குத்தாமல் சறுக்கணும். குத்தினால் கலம் கவிழும்.

ஆம்ஸ்ட்ராங் ரொம்ப மெதுவாக இறக்கிவிட்டார். தேன்கூடு அவ்வளவா நசுங்கவே இல்லை. அதனால் ஏணியின் கடைசிப் படி பாதத்தட்டுக்கு மேல் கிட்டத்தட்ட 3 அடி உயரத்தில் நின்றுவிட்டது. அவர் தட்டின் மேல் குதித்தார். உடனே, திரும்ப ஏற முடியுதான்னு ஒரு தடவை எம்பிப் பார்த்துட்டு, அதுக்கப்புறம்தான் மண்ணில் கால் வைத்தார்.