பிளாஸ்மா கொடுத்தது வீண்தானா?



சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு மருத்துவ உதவி மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரர் வந்து உட்கார்ந்தார். 2020-இல் கொரோனாவிலிருந்து குணமாகி, மதுரைக்குப் போய்ப் பிளாஸ்மா கொடுத்துவிட்டு வந்தவர். "அதில் பயனில்லை என்று பிறகு அரசாங்கமே நிறுத்திவிட்டதாமே பாய், அப்போ நாங்க கொடுத்ததெல்லாம் வீண்தானா?" என்று கேட்டார்.

நோயைப் பரப்பியவர்கள் என்று நம்மவர்களைத் தூற்றிய நாட்கள் அவை. அந்த ஏப்ரலில்தான் டெல்லியில் குணமடைந்த தப்லீக் சகோதரர்கள், தமிழகத்திலிருந்து போனவர்கள் உட்பட, முன்வந்து பிளாஸ்மா கொடுத்தார்கள். ஆகவே கேள்வி சின்னதல்ல. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

குணமானவரின் இரத்தத்தில் அந்த நோயை எதிர்க்கும் சக்தி இருக்கும், அதை நோயாளிக்கு ஏற்றினால் அவரும் தேறுவார் என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஏற்றியவர்களில் பலர் பிழைத்தும் வந்தார்கள். ஆனால் ஏற்றாவிட்டாலும் பிழைத்திருப்பார்களா? இதை அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தியது. யாருக்குப் பிளாஸ்மா என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போல முடிவானது. மருத்துவர் தேர்ந்தெடுத்தால் தேறக்கூடியவர்களே ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். குலுக்கினால் வயதானவர், சர்க்கரை உள்ளவர், வசதியுள்ளவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிவார்கள்.

பிளாஸ்மா ஏற்றப்பட்டவர்கள் 235 பேர். 28 நாட்களுக்குள் அவர்களில் 44 பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. ஏற்றப்படாமல் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 229 பேரில் அப்படி ஆனவர்கள் 41 பேர். நூற்றுக்கு 19, நூற்றுக்கு 18.

இதைத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்மா ஏற்றி, நோய் முற்றாமல் தப்பியவர்கள் 191 பேர். அந்த 191 குடும்பங்களும் "பிளாஸ்மாதான் காப்பாற்றியது" என்று சத்தியம் செய்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏற்றாமலே தப்பியவர்கள் 188 பேர் இருக்கிறார்களே! அவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாரும் செய்தி போடுவதில்லை.

அதே ஆய்வில் பிளாஸ்மா பெற்றவர்களில் கூடுதலான பேருக்கு ஏழாம் நாளில் மூச்சுத் திணறலும் அசதியும் நீங்கியிருந்தன. ஆனால் தமக்குப் பிளாஸ்மா ஏறியது அவர்களுக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். மனத்தெம்பு அதில் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பின்னர் இங்கிலாந்தில் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குலுக்கல் முறையில் பார்த்தபோதும் இரு பக்கமும் இறந்தவர்கள் நூற்றுக்கு 24 பேர்தான். 2021 மே மாதம் நம் நாட்டின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. அதற்குள் இரண்டாம் அலையில் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பிளாஸ்மா தேடி அலைந்தன என்பது நமக்குத் தெரியும்.

அதே இங்கிலாந்து ஆய்வில்தான் டெக்ஸாமெதசோன் என்ற மிக மலிவான, பழைய மருந்து உயிர் காப்பதும் தெரியவந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மரணம் நூற்றுக்கு 41-லிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு மட்டும் அதனால் பலனில்லை. ஆகவே எந்த மருந்து என்று கேட்டால் போதாது, யாருக்கு என்றும் கேட்க வேண்டும்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஹதீஸ் கேட்க நன்றாக இருக்கிறது, ஊரெல்லாம் சொல்கிறது என்பதற்காக இமாம்கள் அதை ஸஹீஹ் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று ஸனதைத் துருவினார்கள். சொன்னவர் நல்லவராக இருந்தும் நினைவாற்றல் போதாது என்று ஒதுக்கியதுண்டு. அது அவரை அவமதித்ததாகாது.

மனுக்களுக்கு வருவோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளைக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்ய ஜகாத் நிதி கேட்டு ஒரு தகப்பனார் வந்தார். சிகிச்சைக்குப் பிறகு நடக்கும் ஒரு குழந்தையின் வீடியோவைக் காட்டினார். பயிற்சி கொடுத்தால், வயது ஏற ஏற, அந்த ஊசி இல்லாமலும் பல பிள்ளைகளிடம் முன்னேற்றம் வரும். ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் அந்த வீடியோவில் இல்லை. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டியோ, சில இரத்த நோய்கள் போன்றவை தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கிறது. ஆய்வென்றால் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நாம் மறுத்தோம். பிசியோதெரபிக்கும் போக்குவரத்துக்கும் மாதாமாதம் தருவதாகச் சொன்னோம். அவர் முகம் வாடித்தான் போனார். எங்களுக்கும் அன்று இரவு தூக்கமில்லை. இருந்தாலும் அது பிறருடைய அமானத்.

பிளாஸ்மா கொடுத்த சகோதரருக்குச் சொன்னது இதுதான்: நிய்யத்துக்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. அது தவிர, அந்த 235 பேருக்கு ஏற்றிய பிளாஸ்மா உங்களைப் போன்றவர்கள் கொடுத்தது. அது கிடைத்திருக்காவிட்டால் ஆய்வே நடந்திருக்காது. "அப்படியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து எழுந்து போனார்.

இனி பெரிய தொகை கேட்கும் மனுக்களுடன், அந்தச் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு உண்டா என்பதற்கு மருத்துவர் எழுதித் தரும் இரண்டு வரியும் வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்கள் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகம் வந்தால், கேள்வியை நாமே எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மாத்திரைகளை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம்.