இரவு ஈரம்: வெட்கம் வேண்டாம், வழி இருக்கிறது

தோட்டத்து மக்கள் எதையும் வாய்விட்டுப் பேசுகிறவர்கள். சம்பளம், போனஸ், தண்ணீர்க் குழாய், கோயில் கணக்கு எதுவானாலும் நாலு பேர் கூடினால் பேசித் தீர்த்துவிடுவோம். ஆனால், வீட்டுப் பெரியவர் இரவில் தம்மை அறியாமல் படுக்கையை நனைத்துவிடுகிறார் என்றால் மட்டும் கதவைச் சாத்திக் கொள்கிறோம்.

சங்க வேலையாக வீடு வீடாகப் போகும்போது பார்க்கிறேன். பெரியவர் அஞ்சடியில் பெஞ்சுமேல் படுத்திருப்பார். கேட்டால், "உள்ளே புழுக்கமா இருக்குப்பா" என்பார். புழுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. நனைந்த கைலியை மருமகள் கையில் கொடுக்க வெட்கம். அந்த மருமகளோ விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து வேலைக்கு ஓட வேண்டியவள். இரவில் மூன்று தடவை விரிப்பு மாற்றினால் அவள் உடம்பு என்னத்துக்கு ஆகும்? இருவருமே நல்லவர்கள்தாம், இருவருக்கும் தூக்கம் இல்லை.

முதல் காரியம், அரசாங்கக் கிளினிக்கில் காட்டுவது. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இனிப்பு நீர், ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீக்கம், சிறுநீர்க் கிருமி, பக்கவாதம், மலச்சிக்கல் எதுவும் காரணமாக இருக்கலாம். நீர் இறங்கக் கொடுக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிட்டாலும் இரவில் நனையும். அதைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எரிச்சல், ரத்தம், காய்ச்சல், நீர் பிரியாமல் அடைப்பு, கால் திடீரென்று மரத்துப் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

அடுத்தது, இரவைச் சமாளிப்பது. மங்கு சின்னதாக இருந்தால் பால் வழியத்தான் செய்யும். மரத்தைத் திட்டி என்ன பயன்? பகலில் கட்டும் மெல்லிய பெம்பர்ஸ் எட்டு மணி நேரம் தாங்காது. இரவுக்கு அடுக்கு வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை.

உடம்பை ஒட்டி, உள்ளே வைக்கும் பேட். இதன் அடிப்பக்கம் பிளாஸ்டிக் இல்லாததாக இருக்க வேண்டும். அப்போதுதான் பேட் நிறைந்ததும் நீர் கீழே உள்ள பெம்பர்ஸுக்கு இறங்கும். பெண்கள் வைக்கும் சாதாரண பேடை வைத்தால் அதன் பிளாஸ்டிக் தடுத்து, நீர் பக்கவாட்டில் வழிந்துவிடும். ஒரு பெம்பர்ஸ்மேல் இன்னொன்றைக் கட்டுவதிலும் இதே கோளாறுதான். காசும் போச்சு, புழுக்கமும் கூடும்.

இரண்டாவது, இரவுக்கென்று விற்கும் தடித்த பெம்பர்ஸ். இடுப்பளவு பார்த்து வாங்குங்கள். பெரியதாக வாங்கினால் அதிகம் பிடிக்கும் என்பது தவறு. தொடை இடுக்கு வழியாக ஒழுகும். தொடையோரச் சுருக்கு உள்ளே மடங்காமல் வெளியே இருக்கட்டும். ஆண்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்கும்படி கட்ட வேண்டும்; மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் நனையும்.

மூன்றாவது, இவற்றை நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு பருத்திக் கால்சட்டை. அப்படியும் ஒழுகினால் மட்டும் பிளாஸ்டிக் கால்சட்டை. நம் ஊர் வெக்கைக்கு அது இறுக்கமாக இருந்தால் தோல் வெந்துவிடும்.

கடைசியாக, மெத்தைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் மடித்த பழைய கைலியோ பருத்தித் துணியோ. நடுராத்திரியில் நனைந்தால் அந்தத் துணியை மட்டும் உருவி எடுத்தால் போதும். துணியை அலசி வெயிலில் காயப் போடுங்கள். வாசனைத் திரவத்தில் முக்கி எடுத்தால் பிறகு அது ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது.

காலையில் கழற்றியதும் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும். பிறகு வாஸ்லின் அல்லது துத்தநாகக் களிம்பு மெல்லியதாக. பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டிபிடித்து உறுத்தும். மலம் பட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மாற்றுங்கள். தாமே புரண்டு படுக்க முடியாதவரை இரவிலும் புரட்டிவிட வேண்டும். எத்தனை அடுக்கு போட்டாலும் படுக்கைப் புண்ணை அது தடுக்காது.

சிலர் பெரியவருக்குத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அது கொடுமை. நீர் கெட்டியாகி எரிச்சலும் மலச்சிக்கலும் கூடி, தொல்லைதான் அதிகமாகும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும். மாலைக்கு மேல் தேத்தண்ணியும் காப்பியும் குறையட்டும். நடக்கக்கூடியவர் என்றால் கட்டில் பக்கத்தில் விளக்கும் ஒரு வாளியும் இருந்தாலே பாதி இரவு நனையாமல் போகும்.

செலவு இருக்கத்தான் செய்கிறது. படுத்த படுக்கையாக உள்ளவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகாவில் உதவித்தொகை உண்டு. டாக்டர் கடிதத்தோடு மனு செய்யுங்கள். இது பிச்சை அல்ல. மகன்மார்களே, இரவில் துணி மாற்றுவது பெண்களுக்கு மட்டும் எழுதிவைத்த வேலையும் அல்ல. ஓர் இரவு அவள், ஓர் இரவு நீங்கள்.

மரமும் காடுமாக உழைத்து நம்மை ஆளாக்கியவர்கள் அஞ்சடியில் படுக்க வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "அப்பா, ராத்திரியில சிரமமா இருக்கா? ஒரு வழி இருக்கு, பார்ப்போமா?"