பீங்கான் காவலியும் கடலுப்பும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனத் தொடர்ந்து கிடக்கும் கடலோர ஊர்களில், மழையற்ற மாதங்களிலே, மின்கம்பத்துப் பீங்கான் காவலிகளின்மேல் கடலுப்பு மெல்லப் படிகின்றது. பெருமழை அதனைக் கழுவிவிடும். பனியோ சிறு தூறலோ நனைக்க மட்டுமே செய்யும். ஆபத்து அப்போதுதான். நனைந்த உப்பின் வழியே மின்னோட்டம் கசிகின்றது. கசிவின் வெப்பத்தால் ஈரம் ஆங்காங்கு உலர, அவ்வுலர்ந்த இடைவெளிகளில் நுண்பொறிகள் பாய்கின்றன. இரவில் கம்பத்தடியில் 'சர்' என்னும் ஓசையை நேயர்கள் சிலர் கேட்டிருக்கக்கூடும். அது முற்றினால் பொறி காவலி முழுவதையும் தாண்டிப் பாயும். ஊர் இருளும், குளிரறையிலுள்ள மீனும் கெடும்.

அவ்வோசை எழுமுன்னரே அறிய வழியுண்டா? உண்டு. நல்ல காவலியில் மின்னழுத்தத்தை இருமடங்காக்கினால், அதில் ஓடும் சிற்றோட்டமும் இருமடங்காகும். இந்த நேர்விகிதம் பிறழும்போது புதிய அலைவுகள் பிறக்கின்றன. வானொலிப் பெட்டியை அளவுமீறி உரக்க வைத்தால், பாடகர் பாடாத கரகரப்பு வந்து சேருகின்றதல்லவா? அத்தகையதே இதுவும். நமது மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. பிறழ்ந்த காவலியின் ஓட்டத்திலோ 150 முறை அலையும் கூறொன்று தலைகாட்டும்.

அதனை அளப்பதுதான் கடினம். சந்தை இரைச்சலில் ஒருவரின் முணுமுணுப்பைத் தேடுவது போன்ற வேலை. 50 முறை அலைவதை வடித்து விலக்கி, 150 முறை அலைவதை மட்டும் பெருக்கவேண்டும். கிடைத்தது காவலியுடையதா, மின்மூலத்தின் மாசா என்பது அடுத்த வினா. ஆய்வுகூடத்தில் இதற்கு இரு சோதனைகள் உண்டு. பொருளை அகற்றி, அதே கொள்ளளவமுள்ள காற்றுக் கொள்ளளவியை வைத்துப் பார்ப்பது ஒன்று. மிதமான அழுத்தத்தில் காற்று நேர்விகிதம் பிறழாது. ஆகவே அப்போது எஞ்சுவது கருவியின் குற்றமே. மற்றது, அழுத்தத்தை இருமடங்காக்குவது. மூலத்தின் மாசு பெரும்பாலும் இருமடங்கே ஆகும். திண்மக் காவற்பொருளின் மெல்லிய பிறழ்வோ எட்டு மடங்காகும். எனக்கு முதற் சோதனையிலேயே நம்பிக்கை அதிகம். ஏனெனில் பெருக்கியின் சொந்தக் குறையும் எட்டு மடங்காக வளரக்கூடும்.

கம்பத்தின்மீது காற்றுக் கொள்ளளவியை மாற்றி மாட்டிப் பார்க்க இயலாது. போதாக்குறைக்கு, வீடுகளிலுள்ள தொலைக்காட்சியும் எல்.இ.டி. விளக்கும் 150 முறை அலையும் மாசை மின்கம்பியிலேயே கலக்கின்றன. ஆதலின் அங்கே கசிவோட்டத்தையும் அழுத்தத்தையும் ஒரே வேளையில் பதிந்து, அழுத்தத்தின் மாசால் வந்த பங்கைக் கழித்து, எஞ்சியதையே காவலியின் கணக்கில் எழுதவேண்டும். அது நாளுக்கு நாள் ஏறுமாயின், காவலியைக் கழுவவேண்டிய வேளை வந்துவிட்டது.