காப்பிடங்களும் காவலர்களும்: மூன்றரை பாகம், ஐந்து பாகம்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லையை வகுத்தவர்கள் அதைத் தூரத்தால் அளக்காமல் ஆழத்தால் அளந்தார்கள். 1986ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிவிக்கை, பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பூங்காவாக்க முனைந்தது. அந்தக் கடல், கரையை நோக்கிய பக்கத்தில் மூன்றரை பாகம் ஆழம் வரையிலும், வெளிக்கடலை நோக்கிய பக்கத்தில் ஐந்து பாகம் ஆழம் வரையிலும் பூங்காவுக்கு உரியது. பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம், அதாவது ஆறடி அல்லது சுமார் 1.83 மீட்டர், கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி ஆழம் பார்த்த காலத்திலிருந்தே கடலோடிகளிடம் வழங்கிவரும் அளவு இது.

ஆழத்தை எல்லையாக்கியதற்கு உயிரியல் காரணம் உண்டு. பவளம் என்பது நுண்ணிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்பால் கட்டும் குடியிருப்பு. அவற்றின் திசுக்களுக்குள் தங்கி உணவு தயாரிக்கும் பாசிக்கு வெயில் வேண்டுமாதலால், இந்த வளைகுடாவின் பவளப் பார்கள் தீவுகளைச் சுற்றிய ஆழங்குறைந்த நீரில்தான் அமைந்திருக்கின்றன. கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளுக்கும் இதே வெயில் தேவைப்படுகிறது. ஆகவே உயிர்கள் எங்கே செறிந்திருக்கின்றனவோ அங்கே கோடு விழுந்தது என்பது சரியே. ஆயினும் இந்தக் கோட்டைக் காக்கும் பொறுப்புள்ளவர் படகில் ஏறிய உடனே அது கைநழுவத் தொடங்கிவிடுகிறது. ஏற்ற வற்றத்தால் ஆழம் நாளுக்குள்ளேயே மாறுகிறது, மணல் இடம் பெயர்கிறது, நங்கூரம் போடாத வள்ளம் காற்றோடும் நீரோட்டத்தோடும் கோட்டின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. மிதவைகள் இட்டு எல்லையைக் காட்டலாம் என்பது உண்மைதான்; அவற்றைப் பருவக்காற்று அறுத்துக்கொண்டு போகாமல் பராமரிப்பது தனி வேலை.

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கடற்பூங்காக்களுக்கென விதி இணக்க அலுவலர் என்றொரு பதவி உண்டு. விதியை மீறியவரைப் பிடிப்பதோடு, விதியை விளக்குவதும், எங்கே, எப்போது, எதற்காக அது மீறப்படுகிறது என்று கணிப்பதும், மீறல் நேராதபடி முன்கூட்டியே செயற்படுவதும் அவருடைய கடமைகள். தமிழகத்தில் அந்தப் பெயரில் பதவி இல்லை; வேலை மட்டும் பலரிடம் பகிர்ந்து கிடக்கிறது. பூங்காவுக்குத் தலைமை இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர். அவருக்குக் கீழே மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடி வனச்சரகங்களின் சரகர்கள், வனவர்கள், வனக்காப்பாளர்கள். அனைவருக்கும் கீழே, பெரும்பாலும் கரையோர ஊர்களிலிருந்தே எடுக்கப்பட்ட வேட்டைத் தடுப்புக் காவலர்கள். எந்த ஊர்ப் படகு எந்தக் காற்றில் எந்தப் பாருக்குப் போகும் என்பது இக்கடைசி வரிசைக்காரருக்குத் தெரியும், பிடிபடுபவர் அவருடைய உறவினராகவே இருக்கவும் கூடும்.

பூங்காவுக்குள் செல்லுபடியாகும் முதன்மைச் சட்டம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதே நீரில், விசைப்படகுகள் கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால்தான் இழுவலை போட வேண்டும் என்று விதிக்கும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் செல்லும். அதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத் துறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அத்துறையின் பொறுப்பே. கடத்தல் என்று வந்தால் சுங்கத் துறை, கடலோரக் காவல்படை, தமிழகக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஆகிய மூன்றும் சேர்ந்துகொள்ளும். கண்ணெதிரே நடக்கும் ஒரு செயல் இவற்றுள் எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம், எந்தத் துறை வழக்கிட வேண்டும் என்று படகு ஆடிக்கொண்டிருக்கும்போதே தீர்மானிக்க வேண்டியவர் ஒரு வனவராக இருப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல் நிரூபணம். ஆட்சிக்கடலில் காப்பிடம் அமைப்பதால் படகுகள் தீங்கின்றிக் கடந்து செல்லும் உரிமை பாதிக்கப்படாது என்று சட்டமே கூறுவதால், ஒரு வள்ளம் பூங்காவின் எல்லைக்குள் காணப்பட்டது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. வலை நீரில் இருந்தது, அந்த இடத்தின் ஆழம் இவ்வளவு, நேரம் இது என்பதெல்லாம் அப்போதே பதிவாக வேண்டும். வலை படகுக்குள் ஏறிவிட்டால், பிடிபட்ட மீன் நான்கு பாகத்தில் மேய்ந்ததா ஆறு பாகத்தில் மேய்ந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் தறி வைத்திருப்போருக்கு இந்த இடர்ப்பாடு எளிதில் விளங்கும்: 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட சேலையை விசைத்தறியில் நெய்வது குற்றம் என்றாலும், மடித்துக் கடையில் அடுக்கிய பிறகு அதை மெய்ப்பிப்பது கடினமாதலால், அமலாக்கப் பிரிவினர் விசைத்தறிக் கூடங்களுக்கே போய்ப் பாவு ஏறிய தறியைச் சோதிக்கிறார்கள். கடலில் அந்தக் கூடத்துக்குச் சுவர் இல்லை. சோதிக்க வருபவரின் படகு எழுப்பும் ஓசை வெகுதூரத்திலேயே கேட்டுவிடுகிறது.

சட்டம் வன அலுவலருக்குத் தந்துள்ள அதிகாரங்கள் சிறியவை அல்ல. 50ஆம் பிரிவின்படி அவர் படகை நிறுத்தலாம், சோதிக்கலாம், பொருளைக் கைப்பற்றலாம், ஆளைக் கைது செய்யலாம். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர் சாட்சிகளை வரவழைத்து வாக்குமூலம் பதிவு செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவான அந்தச் சாட்சியம் பின்னர் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. எல்லாவற்றிலும் வலிமையானது 57ஆம் பிரிவு. காக்கப்பட்ட உயிரினமோ அதன் பகுதியோ ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அது சட்டத்துக்குப் புறம்பான உடைமை என்றே கொள்ளப்படும். அப்படியல்ல என்று காட்டுவது அவர் பொறுப்பு. எங்கே பிடித்தது என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை.

இந்த வேறுபாட்டிலிருந்தே மன்னார் வளைகுடாக் காவலின் போக்கு பெருமளவு தீர்மானமாகியிருக்கிறது. எளிதில் மெய்ப்பிக்கக்கூடிய குற்றத்தை நோக்கித்தான் காவல் சாயும். பவளப் பாறை வெட்டியெடுப்பில் இது நன்மையாக முடிந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பதிற்றாண்டுகள் பவளம் வெட்டப்பட்டதில் அலையைத் தடுக்கும் அரண் குலைந்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போயின. 21 என்று அறிவிக்கையில் எண்ணப்பட்டவற்றுள் இவையும் அடக்கம். 2001இல் பவளங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டன. பவளக் கல் பாரமானது, மறைக்க முடியாதது, கரையில் இறக்கியே தீர வேண்டியது. அதை வைத்திருப்பதே குற்றம் என்று ஆனபின் அடுத்த சில ஆண்டுகளில் அத்தொழில் ஓய்ந்தது.

கடல் அட்டையின் கதை அவ்வாறு முடியவில்லை. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான இந்த உயிரி, கடலடி மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள அழுகலைச் செரித்துத் தூய மணலை வெளியேற்றுகிறது. முட்டையும் விந்தும் நீரில் தனித்தனியே விடப்பட்டுக் கலப்பதால், அட்டைகள் அருகருகே இருந்தால்தான் இனம் பெருகும். செறிவு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், எஞ்சியவை உயிரோடிருந்தும் பயனில்லை. தமிழ்நாட்டில் இதை உண்பார் இல்லை. குடல் நீக்கி, அவித்து, மணலில் புதைத்து, மேற்தோலைத் தேய்த்தெடுத்து, உலர்த்தினால் சீனா, ஹாங்காங், சிங்கப்பூர்ச் சந்தைகளில் பெரும் விலை கிடைக்கிறது. 2001இல் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் முதல் அட்டவணையில் ஏறின. அதுவரை இராமநாதபுரம் கரையில் வெளிப்படையாக நடந்த தொழில் ஒரே ஆணையில் குற்றமாயிற்று. நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிப்பது சட்டப்படி செல்லும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் பண்ணைகளும் இருக்கின்றன. ஆகவே, இங்கே பிடித்து அவித்ததை இரவில் அக்கரை சேர்த்துவிட்டால் சரக்கு நேர்மையானதாகிவிடுகிறது.

இதனால் பூங்காக் காவலரின் பொழுது நீரை விட்டுக் கரைக்குப் பெயர்ந்தது. பனந்தோப்புகளிலும் ஒதுக்குப்புறக் கொட்டகைகளிலும் எழும் புகையையும் நாற்றத்தையும் தொடர்வதும், சாக்குமூட்டைகளைக் கைப்பற்றுவதும், தகவலாளரைப் பேணுவதும் முதன்மை வேலையாயின. மூட்டை பிடிபட்டால் செய்தி வருகிறது, எடையும் மதிப்பும் அச்சாகின்றன. தள்ளுமடி, அதாவது அடிமண்ணை உராய்ந்து செல்லும் சிறு இழுவலை, கடற்புல் படுகையைச் சிதைத்துக் கடந்த ஓர் இரவுக்கு அத்தகைய கணக்கு இல்லை. பிடிபடுவோரும் பெரும்பாலும் அவிப்பவரும் சுமப்பவருமே; விலை வைப்பவர் அரிதாகவே அகப்படுகிறார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே தூத்துக்குடியில் வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியது. அந்த நுட்பத்தைக் கரையோர மக்களின் தொழிலாக்கும் வழியை முழுத் தடை அடைத்துவிட்டது. தடையே தவறு என்று சொல்வதற்கில்லை, 2001க்கு முன்பு அட்டைகள் மிதமிஞ்சி எடுக்கப்பட்டன. ஆனால் ஏற்றுமதிக்கு விதித்திருந்த அளவு வரம்பிலிருந்து நேரே முழுத் தடைக்குத் தாவியதன் சுமை, கடைசி வரிசைக் காவலரின் தோளிலும் அவருடைய அண்டைவீட்டாரின் தோளிலும் விழுந்திருக்கிறது என்பது மறுக்க முடியாதது.

உலகின் புகழ்பெற்ற கடற்பூங்காவான ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர். அங்கே 2004இல் வகுத்த மண்டலமுறைப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் மீன்பிடிப்பு முற்றிலும் விலக்கு. ஏனைய பகுதிகளில் வெவ்வேறு அளவில் அனுமதி உண்டு. மண்டலங்களின் மூலைகள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் தரப்படுவதால் கைப்பேசியிலேயே படகோட்டி தான் நிற்கும் இடத்தை அறியலாம், வணிகப் படகுகளை அவற்றின் இருப்பிடக் கருவி வழியே கரையிலிருந்தே அலுவலர் பார்க்கலாம். செல்வ நாடு என்பதால் அது முடிந்தது என்று ஒதுக்குவது அரைகுறை விளக்கம். எல்லையைப் படகோட்டி அறியக்கூடிய வடிவில் எழுதியதில் செலவு மிகுதியாக இல்லை.

விதிக்கு மக்கள் தாமே இணங்கிய சான்றும் மன்னார் வளைகுடாவிலேயே உண்டு. பாம்பன் தீவின் சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய நீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிப்பவர்கள். அகர் எனப்படும் கூழ்ப்பொருள் தயாரிக்க இவை வேண்டும். பூங்கா விதிகள் இறுக்கப்பட்டபோது இவர்களுடைய தொழிலே அத்துமீறலாயிற்று. அவர்கள் ஒன்றுகூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, பவளத்தைக் காயப்படுத்தும் உலோகச் சுரண்டிகளைக் கைவிடுவது எனத் தங்களுக்குத் தாங்களே வரம்பு வகுத்துக்கொண்டார்கள். இம்முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. எவர் வந்தார், எவர் எத்தனை நாள் பறித்தார் என்பதைப் பறிப்பவர்களே ஒருவரையொருவர் கண்காணிப்பதால், ரோந்துப் படகால் இயலாத காவல் இங்கே இயல்பாக நடக்கிறது.

ஆனால் இந்த உடன்பாட்டைச் சட்டத்தின் ஏட்டில் எழுத இடமில்லை. வனவிலங்குச் சரணாலயம் என்றால், மாவட்ட ஆட்சியர் உரிமைகளை விசாரித்து, தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, அவற்றுள் சிலவற்றைத் தொடர அனுமதிக்க 24ஆம் பிரிவின் ஓர் உட்கூறு வழி செய்கிறது. தேசியப் பூங்காவைப் பற்றிய 35ஆம் பிரிவு அந்த ஓர் உட்கூறை மட்டும் பெயர் குறித்து விலக்கிவிடுகிறது. ஆகவே 12 நாள் ஏற்பாடு நிலைப்பது அப்போதைய காப்பாளரின் இசைவில்தான். அவர் மாறுதலாகிப் போனால், பெண்கள் அடுத்து வருபவரிடம் முதலிலிருந்து பேச வேண்டும்.