வீட்டில் காய்ச்சிய பயோடீசலில் எஸ்.யூ.வி. ஓட்டலாமா? ஒரு கணக்கு

வீட்டில் கார் மாற்றும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு பேர் உட்கார்ற மாதிரி ஒரு எஸ்.யூ.வி. பெட்ரோலா டீசலா என்று யோசிக்கும்போது, ரொம்ப நாளாக என் மண்டையில் இருந்த கேள்வி மேலே வந்தது. பஜ்ஜிக் கடையிலும் ஹோட்டலிலும் மிஞ்சுகிற பழைய எண்ணெயை வாங்கி, வீட்டிலேயே பயோடீசல் ஆக்கி, அந்த டீசல் வண்டியை ஓட்டினால் என்ன? யூடியூப்பில் ஆயிரம் வீடியோ இருக்கு. எல்லாரும் டிரம்மைக் காட்டுகிறார்கள், கணக்கை யாரும் காட்டுவதில்லை. அதனால் நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒரு சரித்திரக் குறிப்பு

"ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினைக் கடலை எண்ணெய்க்காகத்தான் கண்டுபிடித்தார்" என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கும். அப்படி இல்லை. 1900-ல் நடந்த பாரிஸ் கண்காட்சியில், பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதால், ஆட்டோ கம்பெனி ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பிரான்சின் ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை நிறைய விளைந்தது, அதுதான் காரணம். டீசல் பிற்பாடு தாவர எண்ணெய்மேல் ஆர்வம் காட்டினார் என்பது உண்மை. ஆனால் இன்ஜின் பிறந்ததே அதற்காக இல்லை.

எண்ணெயை அப்படியே ஊற்றினால் என்ன?

ஊற்றலாம், கொஞ்ச நாள் ஓடவும் செய்யும். சிக்கல் கெட்டித்தன்மையில். 40 டிகிரி செல்சியஸில் சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு போலக் கெட்டி. இன்ஜெக்டர் அதைப் பனி மாதிரித் தூவ முடியாமல் துளியாக விடும். துளி முழுசாக எரியாது, நாளடைவில் கரி பிடிக்கும்.

இதைச் சரிசெய்யத்தான் வேதியியல். எண்ணெயின் ஒரு மூலக்கூறில் ஒரு கிளிசரின், அதோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள். மெத்தனாலையும் கொஞ்சம் காஸ்டிக்கையும் சேர்த்து 55-60 டிகிரியில் கலக்கினால், கிளிசரின் கழன்றுவிடும். ஒவ்வொரு சங்கிலியும் ஒரு மெத்தனாலோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் பயோடீசல். கெட்டித்தன்மை டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கிளிசரின் அடியில் தங்கும்.

100 லிட்டர் எண்ணெய்க்குத் தத்துவப்படி சுமார் 13 லிட்டர் மெத்தனால் போதும். வினை முழுசாக நடக்க 20-22 லிட்டர் ஊற்றவேண்டும். பழைய எண்ணெயில் இன்னொரு தொந்தரவு: வறுக்க வறுக்க அதில் அமிலம் கூடும், ஈரமும் இருக்கும். இரண்டும் காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அதனால் ஒவ்வொரு டிரம்முக்கும் முதலில் டைட்ரேஷன், அப்புறம்தான் காஸ்டிக் எவ்வளவு என்ற முடிவு. பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி லேப் நினைவிருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

இன்றைய எஸ்.யூ.வி. என்ன சொல்லும்?

இங்கேதான் கதை மாறுகிறது. வீடியோக்களில் ஓடும் வண்டி பெரும்பாலும் பழைய வண்டி. நம் ஊரில் பழைய பொலிரோவின் டி.ஐ. இன்ஜின் மாதிரி, மெக்கானிக்கல் பம்ப் வைத்தது. அது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

2020 ஏப்ரல் 1-லிருந்து இந்தியாவில் விற்கிற கார்கள் பி.எஸ்.6. இன்றைக்கு ஷோரூமில் இருக்கும் டீசல் எஸ்.யூ.வி.யில் காமன் ரெயில், அழுத்தம் 2,000 பார் பக்கம். இன்ஜெக்டரின் துளை தலைமுடி கனத்துக்குத்தான் இருக்கும். அதோடு புகைக்கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்ற வடிகட்டி.

அந்த டி.பி.எஃப்.தான் பயோடீசலுக்கு உண்மையான எதிரி. கரி நிறைந்ததும் வண்டி அதைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும். அதற்காகப் பல கார்களில், சிலிண்டருக்குள் எரிதல் முடிந்த பிறகு கொஞ்சம் எரிபொருளைத் தாமதமாகத் தூவுவார்கள். அது எரியாமல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே சூடு கிளப்பும். இதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். சாதாரண டீசலில் லேசான பகுதிகளும் இருப்பதால், ஆயில் சூடானதும் அதில் கணிசமானது ஆவியாகிவிடும். பயோடீசல் 330-350 டிகிரியில்தான் கொதிக்கும். அது ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும், அளவு ஏறும், பேரிங் தேயும். வெளியில் ஒன்றும் தெரியாது, வண்டி ஜம்மென்று ஓடும். அதுதான் ஆபத்து.

இன்னொன்று, சரியாகக் கழுவாத பயோடீசலில் காஸ்டிக்கின் சோடியமோ பொட்டாசியமோ மிச்சமிருக்கும். இரண்டும் சேர்ந்து 5 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்கின்றன ஐரோப்பிய, அமெரிக்கத் தரங்கள். அதைத் தாண்டினால் டி.பி.எஃப்.பில் சாம்பலாகப் படியும், சாம்பல் எரிந்து போகாது. வீட்டு டிரம்மை வைத்துக்கொண்டு 5 பி.பி.எம்.-ஐ எப்படி அளப்பது? ஒவ்வொரு தடவையும் லேபுக்கு அனுப்பினால் சேமிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

இந்திய டீசல் தரமான ஐ.எஸ். 1460, 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க அனுமதிக்கிறது. நூறு சதவீத வீட்டுச் சரக்கை ஊற்றி இன்ஜெக்டர் போனால், வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. நாலு இன்ஜெக்டரும் பம்பும் சேர்ந்து போனால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

ஊட்டி பிரச்னை

நான் இருப்பது கோயம்புத்தூர். இங்கே ஹோட்டல்களில் மிஞ்சுவது பெரும்பாலும் பாமாயில். பாமாயில் பயோடீசல் சுமார் 13-16 டிகிரியிலேயே மெழுகு மாதிரி உறைய ஆரம்பித்துவிடும். சோயா எண்ணெயில் செய்தது கிட்டத்தட்ட 0 டிகிரி வரை தாங்கும், ஆனால் நமக்குக் கிடைப்பது அது இல்லை. கோவையில் வருஷம் முழுக்க ஓட்டலாம். ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் ராத்திரி வெளியே நிறுத்தினால், காலையில் ஃபில்டர் அடைத்துக்கொண்டு நிற்கும். மலைக்குப் போகும்போது சாதாரண டீசல்தான் போடவேண்டும்.

சரி, பணக் கணக்கு

நான் வைத்துக்கொண்ட அனுமானங்களைச் சொல்லிவிடுகிறேன், உங்க ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வருஷத்துக்கு 12,000 கி.மீ. டீசல் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் 11. டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101. டீசல் மாடலுக்கு 1.5 லட்சம் கூடுதல் விலை.

- பெட்ரோல்: 1,091 லிட்டர், வருஷத்துக்கு சுமார் 1,10,000 ரூபாய்.
- டீசல்: 800 லிட்டர், 73,600 ரூபாய். மிச்சம் சுமார் 36,500. கூடுதல் விலையை எடுக்க நாலு வருஷம்.
- பயோடீசல்: லிட்டருக்கு லிட்டர் சக்தி 8-9 சதவீதம் குறைவு, அதனால் 870 லிட்டர் வேண்டும்.

ஒரு லிட்டர் பயோடீசலுக்கு, வடிகட்டும் நஷ்டம் சேர்த்து 1.1 லிட்டர் பழைய எண்ணெய். லிட்டர் 55 ரூபாய் என்றால் அது 60.50. மெத்தனால் 11, காஸ்டிக் 1, கரண்ட், தண்ணீர், ஃபில்டர் 2.50. மொத்தம் 75 ரூபாய். வருஷத்துக்கு 65,250.

ஆக, பம்பில் டீசல் போடுவதைவிட மிச்சம் 8,350 ரூபாய். இதற்கு 50 லிட்டர் டிரம்மில் 18 தடவை காய்ச்சவேண்டும். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் எடுத்து வர, வடிக்க, டைட்ரேட் செய்ய, கலக்க, கழுவ, உலர்த்த ஐந்து மணி நேரம் என்றால் 90 மணி நேரம். மணிக்கு 93 ரூபாய் கூலி. டிரம், ஹீட்டர், பம்புக்கு 25,000 போட்டால் முதல் மூன்று வருஷக் கூலி அதற்கே போய்விடும்.

எண்ணெய் இலவசமாகக் கிடைத்தால் கதை வேறு. லிட்டர் 14.50-க்கு முடியும், மிச்சம் வருஷத்துக்கு 61,000. அதாவது லாபமா நஷ்டமா என்பதை இன்ஜினோ கெமிஸ்ட்ரியோ தீர்மானிப்பதில்லை, பழைய எண்ணெயின் விலைதான் தீர்மானிக்கிறது. ஆனால் மாதம் 80 லிட்டர் வேண்டும். ஒரு வீட்டில் மாதம் ஒரு லிட்டர் மிஞ்சினாலே அதிகம். எண்பது வீட்டு எண்ணெயை வாங்கிச் சேர்த்தால்தான் ஒரு கார் ஓடும். இந்த ஒரு எண்ணே, "எல்லாரும் இப்படிச் செய்தால் பெட்ரோலிய இறக்குமதியே வேண்டாம்" என்ற பேச்சுக்குப் பதில்.

கணக்கில் வராத மெத்தனால்

பயோடீசல் பாதுகாப்பான சரக்கு, 100 டிகிரிக்கு மேல்தான் பற்றும். ஆனால் அதைச் செய்ய வேண்டிய மெத்தனால் 11-12 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடும். நம் ஊர் வெயிலில் எப்பவும் தயார் நிலை. பகலில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கண் நரம்பைக் கெடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது சாராயத்தில் கலந்த இதே மெத்தனால்தான். வருஷத்துக்கு கிட்டத்தட்ட 190 லிட்டரை, பிள்ளைகள் விளையாடும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்து, 55 டிகிரிக்குச் சூடாக்குவதை யோசித்துப் பாருங்க. தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலை வைத்திருக்கவே உரிமம் வேண்டும், 1959-லிருந்து விதி இருக்கிறது. உரிமம் இல்லாமல் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது.

மிச்சமாகும் கிளிசரினையும் மறக்கக் கூடாது. மெத்தனாலும் சோப்பும் கலந்த, நூறு லிட்டருக்கு மேற்பட்ட கறுப்புக் குழம்பு. அதை எந்தச் சாக்கடையில் ஊற்றுவது?

என் முடிவு

பி.எஸ்.6 எஸ்.யூ.வி.யை வீட்டு பயோடீசலுக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. டீசல் வண்டி வேண்டுமா என்பதை ஓடும் தூரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யவேண்டும். வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிற எனக்கு நாலு வருஷத்தில் சமமாகிறது. அதோடு, என் ஓட்டம் பாதி நாள் ஐந்து கி.மீ. ஆஃபீஸ் பயணம். டி.பி.எஃப். சூடாகவே நேரமிருக்காது. அதனால் என் ஓட்டு பெட்ரோலுக்கு. தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு டீசல் சரி, பம்பில் போடும் டீசலோடு.

பயோடீசலே வீண் என்று சொல்லவில்லை. டி.பி.எஃப். இல்லாத பவர் டில்லர், பழைய டிராக்டர், ஜெனரேட்டர், இவைதான் அதற்கு ஏற்ற இடம். காய்ச்சுவது, தரம் பார்க்கும் லேபும் மெத்தனால் உரிமமும் உள்ள ஆலையின் வேலை. நம்மிடம் இருப்பது எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது, அதைச் சேகரித்து பயோடீசல் ஆலைக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிப் போகாத எண்ணெய் எங்கே போகிறது? கொஞ்சம் சாக்கடைக்கு, கொஞ்சம் மலிவு விலையில் சின்னத் தள்ளுவண்டிக் கடைக்கு. அங்கிருந்து நம் வயிற்றுக்கு.

அதனால் எங்க அபார்ட்மென்ட் சங்கத்தில் ஒரு யோசனை வைக்கப் போகிறேன். கீழே ஒரு மூடி போட்ட கேன், மாதம் ஒருமுறை அங்கீகாரம் உள்ள சேகரிப்பாளர் வந்து எடுத்துப் போகட்டும். என் காருக்கு எரிபொருள் கிடைக்காது. ஆனால் அந்த எண்ணெய் மறுபடியும் எந்த வாணலிக்கும் போகாது.

உங்க ஊரில் பழைய எண்ணெய் என்ன விலைக்குப் போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்க. இந்தக் கணக்கில் மற்றதெல்லாம் ஓரளவு நிலையான எண்கள், அது ஒன்றுதான் ஊருக்கு ஊர் மாறுவது.