கப்பலில் வந்த கருங்கல்

கி.மு. 205. ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் படை இத்தாலியை விட்டு நகர்வதாக இல்லை. போதாக்குறைக்கு, அந்த ஆண்டு வானத்திலிருந்து அடிக்கடி கற்கள் பொழிந்ததாக ரோமில் பேச்சு. கலங்கிய ஆட்சியாளர்கள், நெருக்கடிக் காலத்தில் மட்டும் பார்க்கும் சிபிலின் ஏடுகள் என்ற குறிநூல்களைப் புரட்டினார்கள். ஈடா மலைத் தாயை அழைத்து வந்தால் பகைவனை விரட்டலாம் என்று அவற்றில் கண்டார்களாம்.

அந்தத் தாய், இன்றைய துருக்கிப் பகுதியில் வணங்கப்பட்ட சிபெலி. அவளாகவே கருதி வழிபட்டதோ ஒரு கறுப்புக் கல். விண்ணிலிருந்து விழுந்தது என்பது நம்பிக்கை. பெர்கமோன் அரசர் அட்டாலஸின் உதவியோடு, மறு ஆண்டு அது கப்பலேறி ஒஸ்தியா துறைமுகத்துக்கு வந்தது. ரோமிலேயே மிக நல்லவர்தான் அதை வரவேற்க வேண்டும் என்பது கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் கிடைத்த குறி வாக்கு. செனட் சபை சிப்பியோ நாசிகா என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. எவ்வளவு நேரம் வாக்குவாதம் நடந்ததோ!

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒருவர் கையில் சுலபமாகத் தூக்கக்கூடிய சின்னக் கல்லுக்கு. தேவி சிலையில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அது பதிக்கப்பட்டிருந்ததாக, பிற்கால எழுத்தாளர் அர்னோபியஸ் குறிப்பிடுகிறார்.

கி.மு. 203இல் ஹன்னிபால் இத்தாலியை விட்டுப் போனார்; அடுத்த ஆண்டு ஜாமா போரில் தோற்றார். கி.மு. 191இல் பலட்டைன் குன்றில் தேவிக்குக் கோயில் எழுந்தது. ஏப்ரலில் திருவிழா, நாடகம், பந்தயம் எல்லாம் உண்டு. ஆனால் அவளுக்குப் பூசாரியாக ரோமக் குடிமக்களுக்கு நெடுங்காலம் அனுமதி இல்லை.