பழைய லாரிக்குப் புதுக் கண்ணாடி

லாரிக்கு வயது ஆகலாம். பெயிண்ட் மங்கலாம். ஆனால் முன்கண்ணாடி மங்கக் கூடாது. டிரைவர் சாலையைப் பார்ப்பது அதன் வழியாகத்தான்.

கண்ணாடியில் விரிசல் விழுந்தால் பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில்தான் ஆபத்து. எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சம் விரிசலில் பட்டுச் சிதறும். கண் கூசும். சாலை ஓரம் நடந்து போகிறவர் தெரிய மாட்டார். ஒரு நொடி தெரியாமல் போனால் போதும், ஓர் உயிர் போய்விடும்.

விரிசல் விழுந்த கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கடைக்குப் போய் உடனே மாட்டிவிட்டால் போதாது. முதலில் சில வேலைகள் இருக்கின்றன.

எந்தக் கண்ணாடி நல்லது?

சாதாரண ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் ஆகும். முகத்தையும் கழுத்தையும் கிழிக்கும். அதை லாரிக்குப் போடவே கூடாது.

'டஃபன்ட்' கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்னக் கற்களைப் போல உதிரும். ஒரே நேரத்தில் முழுவதும் உடையும். முன்னால் ஒன்றும் தெரியாது.

'லேமினேட்டட்' கண்ணாடிதான் முன்பக்கத்துக்கு ஏற்றது. இதில் இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கும். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். கல் பட்டு உடைந்தாலும் துண்டுகள் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வந்து விழாது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த எதுவார் பெனடிக்டஸ் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கண்ணாடியைப் பற்றியும் சொல்கின்றன. 100 பங்கு வெளிச்சத்தில் குறைந்தது 70 பங்கு முன்கண்ணாடி வழியாக உள்ளே வர வேண்டும்.

கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்துகள் இருக்கும். அவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? ஐ.எஸ். 2553 என்ற எண் இருக்கிறதா? லேமினேட்டட் என்று போட்டிருக்கிறதா? பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். பில்லிலும் அதையே எழுதி வாங்க வேண்டும்.

புதுக் கண்ணாடியும் ஏன் விரிகிறது?

சிலருக்குப் புதுக் கண்ணாடி போட்ட சில நாட்களிலேயே மறுபடி விரிசல் விழும். கல் எதுவும் பட்டிருக்காது. விரிசல் ஓரத்தில் இருந்து கிளம்பியிருக்கும். 'கண்ணாடி மட்டம்' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆனால் குற்றம் பெரும்பாலும் பிரேமில் இருக்கும்.

பழைய லாரியில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங் இருக்கும். பீடிங் இறுகினால் மழைநீர் அதற்கு அடியில் தங்கும். தகடு துருப்பிடிக்கும். துரு தகட்டை விடத் தடிமனாக வீங்கும். அந்த வீக்கம் கண்ணாடியின் ஓரத்தை அழுத்தும். குண்டும் குழியுமான சாலையில் கேபின் ஆடும்போது கண்ணாடி விரியும். ஆகவே கண்ணாடியை மாற்றும் முன் பிரேமைச் சரிசெய்ய வேண்டும்.

காகித வேலை

பழைய கண்ணாடியைக் கழற்றும் முன் போட்டோ எடுக்க வேண்டும். வண்டி எண்ணும் விரிசலும் தெரிய வேண்டும். பிறகு இன்சூரன்ஸ் பாலிசியைப் படிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்குப் பணம் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் கழற்றும் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். வழக்கமான பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ரப்பருக்குப் பாதி கழிப்பார்கள்.

ஆனால் ஒரு தொகையை உரிமையாளர்தான் ஏற்க வேண்டும். கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸும் போகும். எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும். உரித்தால் அது கெட்டுப்போகும். அதைக் கொடுத்த வங்கியிடம் முன்பே சொல்லி மாற்று வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சுங்கச் சாவடியில் கூடுதல் பணம் கட்ட நேரும்.

அளவு எடுத்தல்

பழைய லாரியின் கேபின் பல இடங்களில் பட்டறையில் கட்டியது. ஒரே மாடல் என்றாலும் அளவு மாறும். ஆகவே அகலத்தை மேலேயும் கீழேயும் அளக்க வேண்டும். உயரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். குறுக்களவு இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பிரேம் கோணியிருக்கலாம். அதை முதலில் டிங்கரிங் பட்டறையில் காட்ட வேண்டும்.

தட்டையான கண்ணாடி என்றால் அட்டையில் அச்சு வெட்டிக் கடைக்குக் கொண்டு போகலாம். லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்ட முடியும். டஃபன்ட் கண்ணாடியை வெட்ட முடியாது, வெட்டினால் நொறுங்கிவிடும்.

பிரேமைச் சரிசெய்தல்

கண்ணாடியைக் கழற்றும்போது கையுறையும் கண்ணுக்குக் கவசமும் வேண்டும். டேஷ்போர்டின் மேலும் சீட்டின் மேலும் கோணிச் சாக்கு விரிக்க வேண்டும். வைப்பர் கைகளை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். பழைய பீடிங்கை மறுபடி போடக் கூடாது. புது பீடிங் வாங்க வேண்டும்.

பிறகு பிரேமைச் சுற்றிக் கம்பி பிரஷால் துருவைச் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தகடு ஓட்டையாகி இருந்தால் வெல்டிங் வைத்துச் சமன் செய்ய வேண்டும். பட்டி பூசி மறைப்பது போதாது. மேலே ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்த பின் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் நன்றாகக் காய வேண்டும். இதற்கு ஒரு நாள் ஆகலாம். லோடு ஏற்றும் தேதியை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்வது நல்லது.

பொருத்தும் நாள்

முதலில் பீடிங்கைக் கண்ணாடியின் ஓரத்தில் மாட்ட வேண்டும். பீடிங்கின் வெளிப் பள்ளத்தில் மெல்லிய, உறுதியான நைலான் கயிற்றைச் சுற்றிவர வைக்க வேண்டும். கயிற்றின் இரு முனைகளும் கேபினுக்கு உள்ளே தொங்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் வழுக்கும். கிரீஸ், டீசல், என்ஜின் ஆயில் தடவக் கூடாது. அவை ரப்பரைக் கெடுத்துவிடும்.

வெளியே இருவர் கண்ணாடியைப் பிரேமில் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். உள்ளே ஒருவர் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். அவசரம் கூடாது. சுத்தியலால் தட்டக் கூடாது.

பிறகு

ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டும். உள்ளே கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கசிந்தால் அன்றே சரிசெய்ய வேண்டும். விட்டால் மறுபடி துரு வரும். வைப்பருக்கும் புது ரப்பர் போட வேண்டும். பழைய வைப்பர் புதுக் கண்ணாடியில் கீறல் போடும்.

எட்டு ஆண்டு கடந்த லாரி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அப்போது கண்ணாடியையும் பார்ப்பார்கள். ஆனால் கண்ணாடியை மாற்றுவது அதிகாரிக்காக மட்டும் அல்ல. வண்டியில் இருப்பவரும் சாலையில் போகிறவரும் பத்திரமாக வீடு திரும்புவதற்காக.